ஜெயமேரிக்கு இல்லாத சீனி வருத்தம்

நோயாளி சொல்வதை நம்பவும் வேண்டும், நம்பிக்கொண்டே சந்தேகப்படவும் வேண்டும் என்பது எங்கள் தொழில். இந்த அவஸ்தையை அறிந்த டொக்டர்மாருக்கும், எங்களிடம் அகப்பட்ட நோயாளிகளுக்கும் இதைச் சொல்கிறேன்.

இரண்டு ரொட்டி

லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஜெயமேரி, மலையில் வேர்த்து மயங்கி விழுந்தார் என்று தூக்கி வந்தார்கள். இரத்தத்தில் சீனி மிகக் குறைவு. குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவருக்கில்லை, கணவர் அந்தோனிக்குத்தான். சில வாரங்களில் மறுபடியும் அதே மயக்கம். பட்டினி கிடந்தீர்களா என்று கேட்டேன். ரோசம் வந்துவிட்டது.

"ரெண்டு ரொட்டி தின்னுட்டுத்தாங்க ஐயா மலைக்குப் போனேன். பங்கு குடுக்கலேன்னு கூட வந்தவளுக இன்னமும் திட்டுறாளுக."

கொழும்புக்குப் போன இரத்தம்

கணையத்தில் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும் கட்டியோ என்று பயந்தேன். மூன்றாம் முறை மயங்கியபோது, குளுக்கோஸ் ஏற்றுமுன் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். உடம்பு தானாக இன்சுலின் சுரந்தால் கூடவே சி-பெப்டைட் என்ற பொருளும் வரும். ஊசி மருந்தில் அது கிடையாது. ஜெயமேரியின் இரத்தத்தில் இன்சுலின் ஏராளம், சி-பெப்டைட் இல்லை. ஆக, ஊசிதான், அந்தோனிக்கென்று வீட்டில் இருக்கும் இன்சுலின். போட்டது யார்? சாக நினைத்தாரா? இல்லை, கட்டில் பக்கத்தில் சால்வையை மடித்து வைத்துக்கொண்டு நிற்கும் அந்தோனியா? அப்படி நினைக்க நான் யார் என்றும் இருந்தது. வார்ட்டுத் தாதியான மிஸ்ஸி என்னைப் பார்த்தார்.

"கட்டி இல்லேன்னா சந்தோஷந்தானே டொக்டர்? நீங்க ஏன் உங்களுக்குக் கட்டி வந்த மாதிரி இருக்கீங்க?"

முதல் ஊசி

அந்தோனியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை விழுந்தால் எழும்ப மாட்டீர்கள் என்றேன். ஜெயமேரி மெல்லச் சொன்னார். அந்தோனிக்கு ஊசி என்றாலே நடுக்கம். 'நீ போட்டுக்கிட்டா நானும் போட்டுக்கிறேன்' என்று வீம்புக்குச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் முதல் ஊசி ஜெயமேரிக்கு, அடுத்தது அந்தோனிக்கு. மலையில் வேலை கடுமையான நாட்களில்தான் மயக்கம் வந்திருக்கிறது. வருத்தமில்லாத உடம்பில் மருந்து சும்மா கிடக்கும் என்று இருவரும் நம்பியிருக்கிறார்கள். பயந்த ஆம்பளை என்று லயத்துக் குடியிருப்பில் சிரிப்பார்களே என்றுதான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தோனியைக் கூப்பிட்டு, அந்த மருந்து ஜெயமேரியைக் கொன்றுவிடும் என்றேன். முகம் வெளுத்துவிட்டது. துணைக்கு ஆளில்லாமல் இனி அந்தோனி ஊசி போட்டுக்கொள்வாரா என்பது என் கவலை. அவருக்கு அன்றைய ஊசி பாக்கி இருந்தது. மனைவி பக்கம் திரும்பிச் சட்டையைத் தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"எனக்கு மட்டும் போடு புள்ள. மிஸ்ஸிய மட்டும் அங்கிட்டுப் பாக்கச் சொல்லு."

ஜெயமேரி அதன் பிறகு மயங்கவில்லை, அந்தோனி இப்போது தானே போட்டுக்கொள்கிறார், கண்ணைத் திறந்துகொண்டா என்று மட்டும் நான் கேட்பதில்லை.