முகாமுக்குப் போன கோப்பி மிசின்

சின்னம்மா இத்தாலியிலிருந்து திரும்பி வருகிறார் என்றதும் ஊர் தங்கத்தை எதிர்பார்த்தது. அத்தனை வருடம் வெளிநாட்டில் நின்றவர் கழுத்து நிறையக் கொண்டுவராவிட்டாலும் கை நிறையவாவது கொண்டுவருவார் என்று பேசிக்கொண்டார்கள். அவருக்குப் பின்னால் கப்பலில் வந்து சேர்ந்ததோ ஒரு மரப்பெட்டி. மாமா அதை அலவாங்கால் நெம்பித் திறந்தபோது அயலவர்கள் வேலியோரம் கூடி நின்றார்கள். கசங்கிய கடதாசிக் குவியலுக்கு நடுவே இருந்தது ஒரு பழைய கோப்பி மிசின்.

பித்தளை உருளை ஒன்று. அதன் முகப்பில் மணிக்கூடு போல ஒரு வட்டம், அதற்குள் ஒரு முள். மேலே ஆள் தொங்கலாம் போல நீண்ட கைப்பிடி. சின்னம்மா அங்கே பராமரித்த கிழவர் இளமையில் கோப்பிக் கடை வைத்திருந்தவராம். கிழவர் செத்த பிறகு அவருடைய மகள், வீட்டிலிருந்து உனக்கு என்ன வேண்டுமோ எடுத்துக்கொள் என்றாளாம். வெள்ளிக் கரண்டிகள் இருந்தன, சங்கிலிகள் இருந்தன. சின்னம்மா மூலையில் தூசிபிடித்துக் கிடந்த இந்த மிசினைக் காட்டியிருக்கிறார்.

“கோப்பி போட எங்களுக்கு மிசின் என்னத்துக்கு அக்கா? கேத்தில் இல்லையா?” என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பெண் கேட்டார்.

“கேத்தில்ல போடுறது நீங்க குடிக்கிற கோப்பி. இது நான் விக்கப்போற கோப்பி” என்றார் சின்னம்மா.

அப்பாவைக் கடல் கொண்டுபோய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோயிருந்தது. அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் சின்னம்மா அங்கே வேறு வேலை தேடாமல் ஊருக்கு வந்தார். குருக்கள்மடத்தைத் தாண்டிக் கல்முனை வீதியோரத்தில், கடலை விட்டு வாவிப் பக்கமாக ஒதுங்கிய தகரக் கொட்டிலில் நாங்கள் நால்வர் இருந்தோம். அம்மா, அம்மாவின் தங்கையான சின்னம்மா, அவர்கள் இருவருக்கும் தம்பியான மாமா, நான். அம்மா அந்த நாட்களில் சமைப்பார், கூட்டுவார், எனக்குத் தலைவாரி இழுத்துவிடுவார். பேச்சு மட்டும் குறைவு.

சின்னம்மா வீதியோரம் நாலு கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து மிசினைக் கொண்டுபோய் வைத்தார். சிரித்தவர்களின் சிரிப்பு சில நாட்களில் நின்றுவிட்டது. நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் வெள்ளை வாகனங்களைப் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். காஸ் அடுப்பின் சூட்டில் முள் மெல்ல ஏறும். சின்னம்மா கைப்பிடியை இழுத்து விடுவார். சின்னக் கோப்பைக்குள் தேன் போலக் கோப்பி ஒழுகும். அதை ஒருதரம் ரகசியமாக நக்கிப் பார்த்து, இதற்காகவா இவ்வளவு தூரம் விமானத்தில் வருகிறார்கள் என்று நான் வியந்திருக்கிறேன்.

பிறகு சண்டை மீண்டும் தொடங்கியது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஷெல் விழும் சத்தம் எங்கள் தகரத்தில் அதிரும். வெள்ளை வாகனங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடை மூடிக் கிடந்தது. போர் முடிவதற்கு இன்னும் சில வருடங்கள்தான் இருந்தன. ஆனால் அது முடியக்கூடிய ஒன்று என்றே எங்களுக்கு அப்போது தெரியாது.

சும்மா கிடந்த மிசினுக்கும் வருத்தம் வந்தது. கோப்பித்தூள் அடைத்த பிடிக்கிண்ணத்தை அதன் வாயில் மாட்டித் திருகிப் பூட்ட வேண்டும். பூட்டிய இடத்தால் தண்ணீர் கசியாமலிருக்க அந்த வாய்க்குள்ளே ஒரு ரப்பர் வளையம் உண்டு. வாசர் என்று மாமா சொல்வார். அந்த வாசர் காய்ந்து கரிபோல இறுகிவிட்டது. இலங்கை முழுதும் தேடினாலும் இதற்கு வாசர் கிடைக்காது என்று சின்னம்மா அதை ஒரு சேலைத் துண்டால் மூடிவைத்தார்.

ஒருநாள் விடியச் சுற்றிவளைப்பு நடந்தது. கடைக்குள் நுழைந்த ஆமிக்காரன் ஒருவன் சேலைத் துண்டைத் தூக்கினான். பித்தளை உருளை, முள், குழாய்கள், கீழே காஸ் சிலிண்டர். அவன் பின்னால் எட்டு வைத்த விதத்தில் நான் சிரித்திருப்பேன். அம்மா என் கையை நெரித்துப் பிடித்திருந்தார். அதிகாரி வந்தார். உடைந்த தமிழில், இது என்ன என்று கேட்டார்.

“கோப்பி மிசின்” என்றார் சின்னம்மா.

“கோப்பிக்கு இப்படி மிசின் வேணாம். பொய்.”

“பொய்யெண்டா நில்லுங்க. போட்டுக் காட்டுறன்.”

மாமா அவர் காதருகே, அக்கா வேண்டாம், வாசர் சரியில்லை என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. சின்னம்மா காஸைப் பற்றவைத்தார். எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஏறியது. சின்னம்மா கைப்பிடியை இழுத்தார். அடுத்த கணம் மிசினின் வாயைச் சுற்றிக் கொதிநீர் சீறிப் பாய்ந்தது. ஆமிக்காரர்கள் தரையில் விழுந்து துவக்குகளை நீட்டினார்கள். காஸை மூடப் பாய்ந்த மாமாவை இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தார்கள்.

கோப்பி வரவில்லை. மாமாவை ஏற்றிக்கொண்டு டிரக் புறப்பட்டது. சின்னம்மா அதன் பின்னாலேயே ஓடினார்.

“சேர்! மிசினத் திருத்திக் கொண்டு வாறன்! கோப்பி வந்தா என்ட தம்பியத் தரவேணும்!”

முன்னால் இருந்த அதிகாரி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “கொண்டு வா” என்றார்.

அவர் அதை விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். சின்னம்மா அதை வாக்காக எடுத்துக்கொண்டார்.

அம்மா அன்றைக்குத்தான் வாய் திறந்தார். அந்தச் சனியனைத் தூக்கி வாவிக்குள் போடு, போய்க் காலில் விழுந்து கேட்போம் என்றார்.

“கால்ல விழுந்தா நாம ஏதோ செஞ்ச மாதிரி ஆயிரும் அக்கா. நாம ஒண்டும் செய்யல்ல. கோப்பிதான் போட்டம்” என்றார் சின்னம்மா. சொல்லிக்கொண்டே மாமாவின் கருவிப் பெட்டியை இழுத்து, மிசினின் வாய்க்குக் கீழே மல்லாக்காகப் படுத்துவிட்டார்.

பழைய வாசர் லேசில் வரவில்லை. அதில் ஒரு சின்ன ஆணியைத் திருகி ஏற்றிக் குறட்டால் இழுத்தார். துண்டு துண்டாக, கறுப்புப் பல் விழுவதுபோல விழுந்தது. நான் பழைய பல்தூரிகையால் அந்தப் பள்ளத்தில் கருகிப்போயிருந்த கோப்பியைச் சுரண்டினேன். பிறகு சின்னம்மா தன் செருப்பின் அடியை வளையமாக வெட்டிப் போட்டுப் பார்த்தார். சூடு ஏறியதும் அது இளகிக் கொழகொழத்தது. கொட்டிலெங்கும் எழுந்த நாற்றத்தில் அம்மாகூட மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

சின்னம்மா வாசலில் குந்தியிருந்து எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே, வீதிக்கு அப்பால், நிவாரணத்தில் போட்ட குழாய்க்கிணறு நின்றது. திறப்பு விழாவன்று மாலை போட்டு, தேங்காய் உடைத்து, படமெல்லாம் பிடித்தார்கள். அடித்தபோது வந்தது உப்புத் தண்ணீர். அதற்குப் பிறகு ஆடுகள் மட்டும் அதில் முதுகு தேய்த்தன.

“வா புள்ள” என்று எழும்பினார்.

குழாய்க்கிணற்றின் தலையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஊருக்குப் பொறுப்பான விதானையார் சைக்கிளில் வந்து இறங்கினார். “என்ன புள்ள செய்யிறாய்? இது பொதுச் சொத்து. கழட்ட ஏலாது.”

“பொதுச் சொத்தெண்டா ஒருநாளாவது பொதுவுக்கு நல்ல தண்ணி குடுத்ததா? என்ட தம்பியும் இந்த ஊர்ச் சொத்துத்தான். அவன ஏத்திக்கொண்டு போகக்குள்ள எங்க நிண்டீங்க?”

விதானையாரின் முகம் கறுத்தது. ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வீதியின் இரு பக்கமும் பார்த்தார். “சுறுக்காக் கழட்டு. நான் ஒண்டும் காணல்ல” என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிள் சங்கிலியை நோண்டத் தொடங்கினார். வேலை முடியும்வரை அந்தச் சங்கிலி சரிவரவே இல்லை.

உள்ளேயிருந்து தடித்த ரப்பர் வட்டொன்றும் தோல் வட்டொன்றும் கிடைத்தன. இரண்டும் புதிது போலவே இருந்தன, வேலையே செய்யாதவை. என் கணிதப் பெட்டியிலிருந்த கவராயத்தால் சின்னம்மா அவற்றில் வட்டம் கீறி, சவர அலகால் வெட்டினார். முதலில் தோல் வளையம், அதற்குமேல் ரப்பர் வளையம் என்று வாய்க்குள் வைத்து அழுத்தினார். முள் ஏறியது. ஒரு துளி விளிம்பில் திரண்டு நின்றது. பிடிக்கிண்ணத்தை இன்னும் ஒரு விரற்கடை திருகினார். துளி விழவில்லை. நான் கை தட்டினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, “இன்னும் ஒருக்கா” என்றார். பின்னேரம் முழுவதும் இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா என்று வெறும் சுடுதண்ணீரை இழுத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் காலை ஓட்டோக்காரர் எவரும் முகாமுக்கு வரச் சம்மதிக்கவில்லை. மீன் ஏற்றும் தள்ளுவண்டில் ஒன்றை வாங்கி வந்து மிசினையும் சிலிண்டரையும் கட்டினோம். புறப்படும்போது அம்மா தலையை முடிந்துகொண்டு வந்து வண்டிலின் முன்பக்கத்தைப் பிடித்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நான் சிலிண்டர் உருளாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். வீடுகளுக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அது தேர் போவதுபோல இருந்தது.

முகாம் வாசலில் ஏற்கெனவே பெண்கள் நின்றார்கள். சிலர் குடைபிடித்து, சிலர் வெயிலில். எல்லோர் கையிலும் பொலித்தீனில் சுற்றிய ஏதோ இருந்தது. எங்களுக்கு வழிவிட்டு, வண்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஐயாவுக்குச் சொல்லு. கோப்பி மிசின் வந்திருக்கெண்டு” என்றார் சின்னம்மா காவல்காரனிடம்.

அதிகாரி நம்ப முடியாதவர்போல வெளியே வந்தார். எங்களை வேப்பமரத்துக்குக் கீழே விட்டார்கள். சுற்றிவர ஆமிக்காரர்கள் கூடினார்கள். மிசினுக்குக் கிட்ட மட்டும் எவரும் வரவில்லை. முள் ஏறியது. சின்னம்மா கைப்பிடியை இழுத்து விட்டார். ஒரு சீறலும் இல்லை. கோப்பி தேன் போல இறங்கியது.

முதல் கோப்பையைச் சின்னம்மாவையே குடிக்கச் சொன்னார் அதிகாரி. குடித்தார். இரண்டாவதைத் தான் வாங்கி ஒரு மிடறு விழுங்கி முகத்தைச் சுளித்தார். சீனி கேட்டார்.

“இதுக்குச் சீனி போடுறல்ல” என்றார் சின்னம்மா.

யாரோ ஒருவன் சிரித்தான். அதிகாரியும் சிரித்தார். எல்லோருக்கும் ஒவ்வொன்று போடச் சொன்னார். சின்னம்மா பிடிக்கிண்ணத்தைக் கழற்றினார், தூளைத் தட்டினார், துடைத்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“முதல்ல தம்பி வரட்டும் சேர். மறுகாப் போடுறன்.”

சிரிப்பு நின்றது. அதிகாரி அவரைப் பார்த்தார். சின்னம்மா குனியவில்லை. சுடுகின்ற அந்தக் கிண்ணத்தை வெறும் கையால் பொத்திப் பிடித்திருந்தார். அம்மா என்னைத் தன் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். மிசின் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. இவர் ஏன் இன்னும் கோப்பி போடாமல் இருக்கிறார், இப்போதுதானே மிசின் நன்றாக வேலை செய்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியில் அதிகாரி திரும்பி, சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

மாமாவைக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்க உதடு வீங்கியிருந்தது. சேர்ட்டில் ஒரு பொத்தானும் இல்லை. சின்னம்மா எழும்பி ஒரு கோப்பி போட்டார். வரிசையில் நின்றவர்களைத் தாண்டிக் கொண்டுபோய் அதை மாமாவின் கையில் கொடுத்தார். மாமா குடித்து முடிக்கும்வரை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சின்னம்மா காஸை மூடினார்.

“தூள் முடிஞ்சுது சேர்” என்றார்.

பை பாதிக்கு மேல் இருந்தது. நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் கை என் வாயை மூடியது.

வாசலைக் கடந்தபோது அந்தப் பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். மாமாவின் கையைத் தொட்டுப் பார்த்தார்கள், முகத்தைத் தடவினார்கள். உள்ளே வேறு யாரைக் கண்டீர்கள் என்று கேட்டார்கள். மாமா இல்லையென்று தலையை அசைத்தார். ஒருவர், அம்மாவைவிட மூத்தவர், மாமாவிடம் போகாமல் நேரே வண்டிலுக்கு வந்தார். அவருடைய பொலித்தீனுக்குள் மீசை அரும்பிய ஒரு அண்ணனின் படம் இருந்தது. மிசினின் பித்தளையில் கையை வைத்தார். சுட்டிருக்கும், எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

“மகள், இந்த மிசின நாளைக்கு எனக்கும் ஒருக்காத் தருவீங்களா?”

அவருக்குக் கோப்பி குடிக்க ஆசையாக்கும் என்று நினைத்தேன். எங்கள் மிசினின் புகழ் இவ்வளவு சீக்கிரம் பரவிவிட்டதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

“மிசினத் தர ஏலாது அம்மா. நாளைக்கு எங்கட வீட்ட வாங்க, ஊத்தித் தாறம். உங்களுக்கெண்டா சீனியும் போட்டுத் தாறம்” என்றேன்.

அவர் என் கன்னத்தைத் தடவிவிட்டுத் திரும்பிப்போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார். அதிகாரிக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சின்னம்மா அப்போதுதான் வண்டிலை விட்டுவிட்டு, வீதியோரம் குந்தி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்கள் சிவந்து கொப்புளித்திருந்தன. மாமாதான் வண்டிலைத் தள்ளினார். நான் சொன்னதில் என்ன பிழை என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். கடைசியில், வந்தவருக்கு ஒரு கோப்பியாவது கொடுக்காமல் வந்துவிட்டோமே என்பதற்காகத்தான் சின்னம்மா அழுதார் என்று முடிவு செய்துகொண்டேன்.