அறுபத்திரண்டு முன்னாடி

எடைக்கற்களையும் பெட்ரோல் பம்புகளையும் சோதித்து முத்திரை வைக்கும் அதிகாரி அவர். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மன்னிக்கமாட்டார் என்பதால், துப்பாக்கி சுடும் கிளப்பில் அவருக்கு 'மில்லி' என்று பெயர். அந்தக் கிளப் அணியில் ஏழு வருடமாக அவர் ஒரு பதவியை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வகித்துவந்தார்: ரிசர்வ். நான்கு பேர் சுடுவார்கள். ஐந்தாமவர் அவர்களுடைய பெட்டிகளைச் சுமப்பார். இந்த வருடம் நால்வரில் ஒருவர் முதுகுவலியால் விலக, காலியான இடத்துக்கு மில்லியும் ஒரு பல் டாக்டரும் போட்டி. சனிக்கிழமை தேர்வு.

பல் டாக்டரை ஒழிக்க மில்லி கையிலெடுத்த ஆயுதம், துப்பாக்கிக் குழலின் நுனியில் மாட்டும் டியூனர். சுடும்போது குழல் அதிரும். நுனியிலுள்ள கனமான வளையத்தைத் திருகி முன்னும் பின்னும் நகர்த்தினால் அதிர்வு ஓர் ஒழுங்குக்கு வந்து, ஐந்து குண்டும் ஒரே ஓட்டையைத் தேடிப் போகும். போகவேண்டும். லேத் பட்டறையில் செய்து வாங்கிய வளையம் ஒவ்வொரு நகர்வுக்கும் 'கிளிக்' என்றது. எண் மட்டும் கிடையாது. பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாமே என்றார் மனைவி. அளவுக்கருவியில் கண்டவர்களும் கோடு போடுவதைத் தடுக்கவே சம்பளம் வாங்குகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது?

மூன்று வாரம், தினமும் மாலையில் ஆராய்ச்சி நடந்தது. குப்புறப் படுத்து ஐந்து குண்டு சுடுவார். போல்ட்டைத் திறந்து, துப்பாக்கி காலிதானா என்று இரண்டு தடவை பார்ப்பார். வளையத்தைத் திருகுவார். மறுபடி படுப்பார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மனைவி நோட்டில் குறித்துக்கொள்வார். ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவர் அவர். எழுத்துக்கு எழுத்து பிசகாது.

"நான் சொல்றதை அப்படியே எழுது. உன் சொந்தச் சரக்கு எதுவும் வேணாம்."

"உங்க சரக்கே நோட்டு தாங்கலை. எழுதுறேன்."

வெள்ளிக்கிழமை மாலை ஐம்பது குண்டு மிச்சம். நாற்பது தேர்வுக்கு. பத்து, வளையத்தைக் கடைசியாகச் சரிபார்க்க. இரண்டாவது செவ்வாய் சுட்டதுதான் ஆகச் சிறந்தது: ஐந்து குண்டும் ஒன்பது மில்லிமீட்டருக்குள். அதற்குப் பிறகு வளையம் நகர்ந்ததையெல்லாம் கூட்டிக் கழித்தால் அந்த இடத்துக்குத் திரும்பிவிடலாம்.

"படிம்மா."

மனைவி அறிவிப்புக் குரலில் படித்தார். "முழங்கை அரிக்குது. மறுபடி மூணு கிளிக் முன்னாடி. சே, கொசு. ரெண்டு கிளிக் முன்னாடியே தேவலாம். மறுபடி முன்னாடி."

"நிறுத்து. இதுல முன்னாடின்னா எது? குழல் நுனிப் பக்கமா, இல்ல அதுக்கு முந்தி வெச்சிருந்த இடமா?"

"சொன்னது நீங்க."

"கேட்டிருக்கலாமே."

"சொந்தச் சரக்கு வேணாம்னீங்க. மொத்தம் அறுபத்திரண்டு முன்னாடி இருக்குங்க, எண்ணிட்டேன். எல்லாம் நுனிப் பக்கம்தான்னா வளையம் இந்நேரம் கழண்டு போய் இலக்கு அட்டையில ஒட்டியிருக்கணும். எல்லாம் பழைய இடம்தான்னா, நீங்க இதை வாங்குறதுக்கு முந்தின வாரத்துக்கே போயிடுவோம்."

மில்லி நோட்டைப் பிடுங்கி, ஒவ்வொரு முன்னாடியாக விசாரித்தார். ஒன்றும் வாய் திறக்கவில்லை. கடைசியில் இரண்டு உத்தேசங்கள் தேறின. முதலாவதில் ஐந்து குண்டு: பதினேழு மில்லிமீட்டர். இரண்டாவதில் ஐந்து: பதினாறு. பதினாறிலேயே வளையத்தை இறுக்கிவிட்டு, துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை பல் டாக்டர் நானூறுக்கு முந்நூற்று எண்பத்தொன்று எடுத்தார். மில்லி முந்நூற்று எண்பது.

அரசாங்க ஆள் என்ன செய்வாரோ அதையே மில்லி செய்தார்: மேல்முறையீடு. தமது துப்பாக்கியின் உண்மையான தகுதி ஒன்பது மில்லிமீட்டர் என்றும், மறுதேர்வு நடத்த வேண்டும் என்றும் மூன்று பக்கம் எழுதி, ஆதாரமாக நோட்டை இணைத்து அணித் தலைவியிடம் நீட்டினார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். நடுவே இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், ஒன்பது மில்லி உண்மைதான். ஆனா போன வாரம் சுட்டதுக்கு இன்னிக்கு மார்க் போட முடியாது. இதை எழுதினது யாரு?"

"என் வீட்டுக்காரி. ஒரு எழுத்தைக்கூட மாத்தலை. அதனாலதான் இவ்வளவு வினையும்."

"எனக்கு அப்படி ஒருத்தர்தான் சார் வேணும். அணிக்கு ஒரு பதிவாளர் கட்டாயம்னு இந்த வருஷம் விதி போட்டிருக்காங்க." மில்லியுடன் வந்திருந்த மனைவி பக்கம் திரும்பினார். "அக்கா, போட்டிக்கு எங்களோட வர்றீங்களா? வேன்ல முன் சீட்டு."

மனைவி கணவரைப் பார்த்தார். மில்லி கூரையைப் பார்த்தார். மனைவி சரி என்றார்.

முதல் வேலையாக அணிப் பட்டியலை அவரிடமே கொடுத்தார்கள். நான்கு பெயரை எழுதினார், பல் டாக்டர் உட்பட. ஐந்தாவது வரியில் பேனா நின்றது.

"ஏங்க, ரிசர்வ்னு மட்டும் போடவா, எட்டாவது வருஷம்னும் சேர்த்துப் போடவா?"

அனுபவத்துக்கு விதியில் தனிக் கட்டம் எதுவும் உண்டா என்று மில்லி விசாரித்தார். இல்லை என்று தெரிந்ததும், வெறும் ரிசர்வ் போதும் என்று சொல்லிவிட்டு, பல் டாக்டரின் பெட்டியை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனார்.