ஸ்டெல்லா அக்கா வாங்கிய பூட்டு

மஞ்சூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. எங்கள் அரசுக் குடியிருப்பின் ஸ்டெல்லா அக்கா, தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து இறந்துவிட்டாராம். பதினெட்டு வருடம் எனக்குப் பக்கத்து வீடு. அவரைத் தெரிந்த உங்களுக்கு அவர் வாயையும் தெரியும். அந்த வாய்க்கும் அசையாமல் இருந்தது, எங்கள் வீடுகளைப் பராமரிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அலுவலகம் ஒன்றுதான்.

அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் பக்கவாதம் வந்து படுத்தவர். அக்கா வேலைக்குப் போன பகலில் அக்கம்பக்கத்தில் நாங்கள் போய்ப் பார்க்க வசதியாகக் கதவு திறந்தே கிடக்கும். மழை பெய்தால் கூரை ஒழுகும். அக்கா அண்ணனோடு சேர்த்துக் கட்டிலை மூலைக்கு மூலை இழுப்பார். மழைக்காலத்துக்கு முன்னால் தவறாமல் கடிதம் வரும்: 'பராமரிப்புப் பணி. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை வீட்டில் இருக்கவும்.' அக்கா எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டுக் காத்திருப்பார். ஒப்பந்தக்காரர் தலைகாட்டமாட்டார். மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது நானும் அக்காவும் அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் ஃபைலைப் புரட்டினார்.

"மூணு தடவையும் ஊடு பூட்டியிருந்ததுன்னு எழுதியிருக்குதுங்க."

"ஏனுங்க, நடக்க முடியாத மனுசனை உள்ள வெச்சு எவளாச்சும் ஊட்டைப் பூட்டுவாளுங்களா? எங்க ஊட்டுக்குப் பூட்டே கிடையாதுங்க."

"ஃபைல்ல அப்படித்தான் இருக்குதுங்க."

எதிரே நிற்கிற மனுஷியை விட்டுவிட்டுக் காகிதத்தை நம்பிய அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திரும்பும் வழியில் அக்கா ஒரு கடையில் நின்று ஒரு பூட்டு வாங்கினார்.

ஒருவழியாக ஒப்பந்தக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். எங்கள் இரண்டு வீட்டுக் கூரையிலும் கொஞ்சம் தார் பூசிவிட்டு, வேலை முடிந்ததென்று படிவத்தை நீட்டினார். நான் டீ கொடுத்து, அண்ணாந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். "போட்டவன் பேச்சை அப்புறம் எவன் தம்பி கேப்பான்?" என்றார் அக்கா. பிறகு அவர்கள் மூவரையும் அண்ணன் பக்கத்தில் உட்காரவைத்து, வெளியே வந்து கதவைப் பூட்டினார்.

"மழை வரட்டுங்க. ஒழுகலீன்னா திறந்துடறேன்."

நான்கு மணிக்கு மழை வந்தது. ஒப்பந்தக்காரரின் வெள்ளைச் சட்டையில் தாரும் தண்ணீருமாகச் சொட்டியது. அவர் உள்ளிருந்து கத்த, அக்கா ஜன்னல் வழியாகச் சொன்னார்: "இப்ப எழுதிக்குங்க, ஊடு பூட்டியிருக்குதுன்னு!"

மறுநாள் கூரைத் தகரமே மாறியது. அண்ணனின் கட்டில் ஒரே இடத்தில் நின்றது. என் வீடு இன்னும் ஒழுகுகிறது. என் யோக்கியதைக்கு அது சரிதான்.

அடக்கத்துக்கு முன் அலுவலகத்திலிருந்து ஒருவர் மாலையோடு வந்தார். மாலையை வைத்த கையோடு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"அம்மா பேர்ல இருந்த ஊடுங்க. காலியா இருக்குதுன்னு எழுதிட்டேன். சாட்சிக் கையெழுத்துப் போடுங்க சார்."

கட்டிலில் அண்ணன் கண் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆள் படுத்திருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்று நான் கத்தியதில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மெதுவாகப் பேசச் சொன்னார் அந்த ஆள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. 'காலி' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'கணவர் குடியிருக்கிறார்' என்று அவர் கையாலேயே எழுதவைத்தேன். இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம்தான். அண்ணன் அந்தக் கட்டிலில் இருக்கும்வரை அதை ஆறவிடமாட்டேன்.