மில் என்ஜின் கருப்பையாவும் காது கேளாத மகளும்

அரிசி மில் என்ஜின் டிரைவர் கருப்பையா, குளத்தூரில் தம் மனைவியின் பிறந்த வீட்டில், திங்கட்கிழமை காலை விஷக் காய்ச்சலால் இறந்தார். எனக்குச் சொன்னவர் அவருடைய மைத்துனர் ராமசாமி. சுடுகாடு வரை உடன் போனவர், மறுநாள் கரியில் ஓடும் பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு வந்து, மில் முதலாளியிடம் சொல்லிவிட்டு நேரே மில்லை ஒட்டிய என் வீட்டுக்கு வந்தார். முந்தின வாரமே கருப்பையா போய்விட்டதாகக் கடைவீதியில் ஒரு பேச்சு இருந்தது. அது தவறு. அந்த வாரம் முழுவதும் அவர் உயிரோடு இருந்தார். காய்ச்சலிலும் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசினார் என்று ராமசாமி சொன்னார்.

மில் தெருக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக மில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்ஜின் ஓடும்போது அந்தக் கொட்டகையில் யார் பேசியும் பயனில்லை. எல்லாம் கைச் சைகையால்தான். உள்ளங்கையைக் கீழே காட்டினால் நெல் கொட்டுவதை நிறுத்த வேண்டும். இரண்டு விரல் காட்டினால் இன்னொரு முறை தீட்ட வேண்டும். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பாடு வந்துவிட்டது. கருப்பையாவின் மனைவி வெள்ளையம்மாளுக்கு அங்கேயே புடைக்கிற வேலை. அவர்கள் மகள் காமாட்சி தவழ்ந்ததும் நடந்ததும் அந்தத் தவிட்டுக் குவியலுக்குப் பக்கத்தில்தான்.

நான்கு வயதுக்குள் அந்தக் குழந்தைக்கு எல்லாக் கையும் தெரிந்தது. பெரியவர்களுக்கு முன்பே அவள் திரும்பிப் பார்ப்பாள். பேச்சுத்தான் வரவில்லை. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அங்கே யார் பேசினார்கள்? "டிரைவர் மக வாயைத் தொறந்தா மண்ணெண்ணெ செலவாயிரும்னு பாக்குறா" என்று புடைக்கிற பெண்கள் கேலி செய்வார்கள். கருப்பையாவும் சிரிப்பார். அவரும் அதிகம் பேசாதவர்.

யுத்த காலத்தில் எண்ணெய் வருவது தடைப்பட்டு, ஒருநாள் என்ஜின் நின்றது. கொட்டகையில் முதல்முறையாக வேலை நேரத்தில் அமைதி. காமாட்சி தவிட்டில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். கருப்பையா பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். பிறகு ஒரு காலி டின்னை எடுத்து ஸ்பானரால் ஓங்கி அடித்தார். பெண்கள் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். குழந்தை கோட்டை முடித்துவிட்டு அடுத்த கோட்டைத் தொடங்கினாள்.

திருச்சியில் காது டாக்டர் பார்த்துவிட்டு, பிறவியிலேயே இப்படித்தான், மருந்து கிடையாது என்றார். என்ஜின் சத்தம் கெடுத்திருக்குமோ என்று கருப்பையா கேட்டிருக்கிறார். இல்லை என்று டாக்டர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பியதும் என்னிடம் அவர் சொன்னது இது: "டாக்டரு நல்ல மனுசருங்க. எனக்காகப் பொய் சொல்றாரு." அதற்குப் பிறகு மகளை மில்லுக்குள் விடவில்லை. அவள் வாசலில் நின்று உள்ளே பார்த்து அழுவாள். அந்த அழுகையை நான் என் வீட்டிலிருந்து கேட்டிருக்கிறேன். உள்ளே என்ஜினருகில் நின்ற அவருக்கு அது கேட்டிருக்காது.

பேச்சு வராத பிள்ளைக்குக் கோயிலில் மணி கட்டுவது நம் பக்கத்து வழக்கம். வெள்ளையம்மாள் நேர்ந்துகொண்டு அய்யனார் கோயிலில் கட்டினார். நானும் போயிருந்தேன். காமாட்சி மணியின் மேல் கை வைத்திருக்க, பூசாரி மணியின் நாக்கை இழுத்து அடித்தார். குழந்தை சிரித்தாள். பெண்கள் குலவையிட்டார்கள், வெள்ளையம்மாள் தரையில் விழுந்து கும்பிட்டார். கருப்பையா மட்டும் மகளைத் தூக்கிப் பத்தடி தள்ளிப் போய், மணிக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டு, "இப்ப அடிங்க" என்றார். பூசாரி அடித்தார். காமாட்சி வேலியோரம் மேய்ந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருநாளாச்சும் என்னைய நம்ப விட்டிருக்கலாம்ல?" என்றார் வெள்ளையம்மாள். கருப்பையா மகளைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "நம்பிட்டா ரோட்டுல விட்டுட்டுக் கூப்பிடுவாங்க. அது திரும்பாதுங்க. வண்டி வரும்."

மறுநாளே தெருவில் வீடு வீடாகப் போனார். குதிரை வண்டிக்காரர்களிடம், பஸ் டிரைவர்களிடம், தயிர்க்காரப் பெண்ணிடம்கூடச் சொன்னார்: "எம்மகளப் பின்னாலேருந்து கூப்பிடாதீங்க. முன்னாடி வந்து நில்லுங்க." இத்தனை பேச்சை அந்த மனிதரிடமிருந்து யாரும் கேட்டதில்லை. சிலர் பரிதாபப்பட்டார்கள். சிலர் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

தெற்கே காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருப்பதை விசாரித்து அறிந்து, நேரில் போய்ப் பார்த்தும் வந்தார். ஆனியில் திறக்கும்போது பெற்றவர்களில் ஒருவர் அழைத்து வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஊர் திரும்பிய வாரமே அவருக்குக் காய்ச்சல் கண்டது. சொந்தங்களோடு இருக்கலாமென்று குளத்தூருக்குப் போனார்கள்.

ராமசாமி வந்து சொன்ன பிறகு, வியாழக்கிழமை நானும் அங்கே போனேன். காமாட்சி பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். புதுக்கோட்டை பஸ் வரும்போதெல்லாம் எழுந்து, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். காரணத்தை வெள்ளையம்மாள் சொன்னார். திங்கட்கிழமை, மகளை உடல் அருகே உட்கார வைத்து, தெரிந்த கைகளையெல்லாம் யோசித்து, கடைசியில் இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்துக் காட்டியிருக்கிறார். மில்லில் அதற்கு என்ஜின் நின்றுவிட்டது என்று பொருள். குழந்தை புரிந்தது என்று தலையாட்டிவிட்டுக் காத்திருக்கத் தொடங்கினாள். நின்ற என்ஜின் மறுபடி ஓடாமல் இருந்ததை அவள் கண்டதில்லை.

பொட்டைப் பிள்ளையை அத்தனை தூரம் அனுப்புவதில் ராமசாமிக்குச் சம்மதமில்லை. தங்கை கையில் காசுமில்லை, துணையுமில்லை. "மச்சான் இருந்தா அது வேற. இப்ப யாருங்க கூட்டிக்கிட்டுப் போறது?" என்று அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. வெள்ளையம்மாள் அண்ணனோடு வாதாடவில்லை. நான் புறப்படும்போது மட்டும் எனக்கு முன்னால் வந்து நின்று கேட்டார்: "அவுங்கப்பா இனிமே வரமாட்டாருன்னு அந்தப் பள்ளிக்கூடத்துல அவளுக்குச் சொல்லிக் குடுப்பாங்களாங்க?"

தெரியாது என்றுதான் சொன்னேன்.

ஒருவரிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேரே நிற்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கருப்பையாவிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

கருமாதிக்கு மறுநாள் ராமசாமி தம் முடிவைச் சொல்வார். பள்ளி ஆனியில் திறக்கிறது. இதை எழுதும் நேரம் வரை, தகப்பனார் இறந்துவிட்ட செய்தி காமாட்சிக்குத் தெரியாது.