மலையடிவாரத்தில் ஒரு வெடிச் சத்தம்

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மேகமூட்டம்; காற்று இல்லை; மலை உச்சி தெரியவில்லை. வத்திராயிருப்புக்கு மேற்கே இருக்கும் அணையின் கரையில் நானும் என் மனைவியும் ஏறினோம். படிகள் அறுபத்திரண்டு. அவள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

அந்த மலையை அவள் முப்பத்தொரு வருடம் கம்பெனி பஸ் ஜன்னலில் நீலக் கோடாகப் பார்த்தவள். கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தீபாவளி முடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பட்டாசு கம்பெனியில் அவள் வெடிமருந்து அடைக்கும் அறையில் இருந்தாள். நான் அங்கேயே கேட்டில் ஆள் கணக்கு எழுதினேன்.

தண்ணீரோரம் கொக்குகளை எண்ணினேன். பத்தொன்பது.

"கொக்க எண்ணுறீகளே, அதுக்குச் சம்பளமா போடப் போறீக?" என்றாள்.

கரை முடிந்து மாந்தோப்பு ஓரமாக நடந்தோம். தோப்புக்குள் ஏதோ வெடித்தது. ஒரே ஒரு சத்தம். நான் குனிந்து நிமிர்வதற்குள் அவளைக் காணோம். செருப்பு இரண்டும் பாதையில் கிடந்தன.

எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித் தருவார்கள். சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எதிர்த்திசையில் ஓட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. வெட்டவெளியில் போய் நின்று, ஆள் எண்ணி முடிக்கும்வரை அசையக் கூடாது. இங்கே எதிர்த்திசையில் இருந்தது காடு.

தோப்புக் காவல்காரர் ஓடி வந்தார்.

"ஆன வெரட்ட வெடி போட்டேன் அண்ணாச்சி. மேல நாலு நிக்கிது."

"பட்டாசு கம்பெனி ஆளுக நாங்க. சத்தம் கேட்டு எங்க வீட்டம்மா அங்கனதான் ஓடிட்டா."

"ஊருக்கெல்லாம் வெடி செஞ்சு விக்கிற ஆளுக, ஒத்த வெடிக்கா இந்த ஓட்டம்?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் நடந்தார்.

நாற்பது நிமிடம் தேடினோம். மூன்று இடங்களில் யானைச் சாணம், ஈரம் காயாமல். ஓடைக்கு அப்பால் மரமில்லாத ஒரு பாறை. அதன் நடுவில் கைகளைத் தொங்கவிட்டு நின்றிருந்தாள். பின்னால் மூங்கில் முறிந்தது.

"எறங்கி வா."

"இன்னும் மூணு பேரு வரலியே."

காவல்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய அறை வெடித்தது. அறைக்கு நான்கு பேர் என்பது சட்டம். சீசன் நேரம், ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதிவேட்டில் தினமும் எழுதுவதுபோல நான்கு என்று எழுதியிருந்தேன். வெட்டவெளிக்கு வந்து நின்றவர்களும் நான்கு பேர்தான். அவள் காது அடைத்து, பேச்சு வராமல் நின்றாள். மேனேஜர் என் பக்கத்தில் இருந்தார். ஆள் சரியாக இருக்கிறது என்று உரக்கச் சொன்னேன். தீயணைக்க வந்தவர்கள் அடுத்த அறைக்குப் போனார்கள். இடிந்த சுவரைப் புரட்டியது மறுநாள் காலையில். இதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை.

"எல்லாரும் வந்தாச்சு," என்றேன்.

அவள் அசையவில்லை. "உள்ள எத்தன பேரு போனோம்? நீங்கதான எழுதுனீக, சொல்லுங்க."

மூங்கில் இன்னும் பக்கத்தில் முறிந்தது. "எதையாச்சும் சொல்லித் தொலைங்க அண்ணாச்சி," என்றார் காவல்காரர், என் தோளை அழுத்தி.

"ஏழு," என்றேன். "ஏழு பேரு. நாலு பேருதான் வெளிய வந்தீக. நான் பொய் சொன்னேன்."

அவள் இறங்கினாள். நான் நீட்டிய செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, காவல்காரருக்குப் பின்னால் நடந்தாள். எனக்காக நிற்கவில்லை.

விருதுநகரில் இறங்கியதும் மல்லாங்கிணறு பஸ்ஸில் ஏறினாள். அங்கே அவளுடைய அண்ணன் வீடு. இன்னும் திரும்பி வரவில்லை. அந்த டிக்கெட்டை அவளே எடுத்துக்கொண்டாள், அதனால் இந்தச் செலவுக் கணக்கில் சேராது. போக வர பஸ் இரண்டு பேருக்கு நூற்று எண்பது, ஆட்டோ முந்நூறு, காட்டுக்குள் போனதற்கு அபராதம் ஆயிரம். மொத்தம் ஆயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.