வாசலில் பூட்டு, உள்ளே நாங்கள்

என் அப்பா குடித்ததில்லை, பொய்க் கணக்கு எழுதியதில்லை, யாரையும் கை நீட்டி அடித்ததுமில்லை. ஆனால் 1996 தசராவில் அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பதறுகிறது. பதினோரு வயதில் வாயைப் பொத்திக்கொண்டு நானும் அதற்கு உடந்தையாக இருந்தேன் என்பது வேறு.

அப்பாவின் பெயர் பார்த்தசாரதி. எல்லோருக்கும் பாச்சு. மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா, விஜயநகரில் வாடகை வீடு. 1993இல் தன் ஒரே தங்கை கனகாவின் கல்யாணத்துக்காக சொஸைட்டியில் நாற்பதாயிரம் கடன் வாங்கினார். ஏழு வருஷத் தவணை. “ஏழு வருஷமா! கட்டற வட்டியில இன்னொரு கல்யாணமே பண்ணிடலாம்” என்றவர், அதைப் பாதி நாளில் முடித்துக் காட்டுவதாகக் கிளம்பினார். மாதா மாதம் தவணைக்கு மேல் அசலிலும் ஏதாவது கட்டுவார். அந்த ‘ஏதாவது’ அம்மாவின் சமையலறையிலிருந்து போனது.

முதலில் பேப்பர் நின்றது. பிறகு இரண்டாம் காபி. பிறகு அப்பாவின் பஸ் பாஸ். ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தே போய் நடந்தே வந்தார், செருப்பு தேய்ந்த கணக்கை மட்டும் யாரும் கேட்கக் கூடாது. பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து வழித்தோம். சாயந்திரம் வீட்டில் ஒரே ஒரு ட்யூப்லைட், அதன் கீழேதான் என் படிப்பும் அம்மாவின் அரிசி பொறுக்கலும். தினமும் ஆறு மணிக்கு வாசலுக்கு வெளியே சுவரில் இருந்த கரண்டு மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. யாராவது வந்தால் அப்பா அந்த மீட்டரைக் காட்டாமல் விடமாட்டார். கனகா அத்தையையும் அதன் முன்னால் நிறுத்தி, “பாத்தியா, இந்தச் சக்கரம் சுத்தறவரைக்கும் நம்ம காசு கரையறதுன்னு அர்த்தம்” என்று பாடம் நடத்தினார். அத்தை சிரித்துவிட்டு, இருந்த நாள் முழுக்க ஃபேனை நிறுத்திக்கொண்டே திரிந்தாள்.

அது 95 தசராவில். மேட்டூரிலிருந்து அத்தையும் அவள் புக்ககத்தார் ஆறு பேரும் வந்து ஒன்பது நாள் தங்கினார்கள். மைசூரில் வீடு இருப்பவனுக்குத் தசரா வந்தால் வீடு சத்திரம்தான். ஊர்வலம், பொருட்காட்சி, அரண்மனை விளக்கு எல்லாம் அவர்களுக்கு. பால், சர்க்கரை, காய்கறி நமக்கு. இரண்டு மாதம் மிச்சம் பிடித்தது ஒன்பது நாளில் போயிற்று. அப்பா அதை மறக்கவே இல்லை.

அடுத்த வருஷம் நவராத்திரிக்கு முந்தின நாள் திட்டத்தைச் சொன்னார். வாசலில் பெரிய பூட்டு. நாம் உள்ளே. வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். போக வரப் பின்கட்டுக் கதவு.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். “ஏன்னா, கொலுவுக்கு மூணு படியாவது வெச்சுக்கறேனே?”

“கொலு வெச்சா நாலு பேர் வருவா. வந்தா சுண்டல், வெத்தலை பாக்கு. இன்னும் பதினோராயிரத்து நானூறு பாக்கி, அன்னபூர்ணி. டிசம்பர்ல முடிச்சுடறேன். அடுத்த வருஷம் ஒன்பது படி வெய்யி, யார் வேண்டாம்னா?”

பொம்மைகள் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தன. பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவள் சிரித்தாள், ஆனால் நாங்கள் ஊரில் இல்லை என்று சொல்ல ஒத்துக்கொண்டாள். எட்டு நாளில் மூன்று குடும்பம் வந்து திரும்பியது. ஒவ்வொரு முறையும் அப்பா முகத்தில் பரீட்சையில் பாஸான சந்தோஷம்.

ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் உள்ளே புழுங்கியது. போனால் போகிறதென்று அப்பா ஃபேன் போட அனுமதித்திருந்தார். பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.

“அண்ணா! மன்னி! சைத்ரா!”

கனகா அத்தை. என் பெயரைக் கேட்டதும் நான் எழுந்தேவிட்டேன். அப்பா உதட்டில் விரலை வைத்தார். அம்மா பின்கட்டுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “பின்னாலேயே ஆறு பேர் நிப்பா” என்று முணுமுணுத்தார்.

வெளியே கெம்பம்மாவின் குரல் கேட்டது. “யாரூ இல்லம்மா, ஊரிகெ ஹோகிதாரெ.”

அத்தை படியில் உட்கார்ந்தாள். டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கட்டிக்கொண்டு வந்த சாதத்தை எங்கள் வாசலில் உட்கார்ந்து அவள் தனியாகச் சாப்பிட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான்கு அடியில் நாங்கள் மூன்று பேரும் மூச்சடக்கி நின்றோம். வேறு யாரும் வந்த அரவமே இல்லை. அது எனக்குக்கூடப் புரிந்தது. அப்பாவுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

கொஞ்ச நேரம் கழித்துச் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது. “அப்பாடா” என்றார் அப்பா.

பத்து நிமிஷத்தில் கெம்பம்மா பின்பக்கமாக வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. முகத்தில் சிரிப்பில்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு அவள் கன்னடத்தில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

“உங்க தங்கச்சி போறப்ப என் வீட்டுல குடுத்தா. கல்யாணத்துக்கு நீங்க போட்ட வளையல் ரெண்டையும் வித்துட்டாளாம். பதினோராயிரத்து நானூறு இருக்குதாம், கடிதத்துல நீங்க எழுதின பாக்கி. ஊர்லேருந்து வந்ததும் குடுங்கன்னா. ஒரு மணி பஸ்ஸ விட்டா இருட்டறதுக்குள்ள காட்டு வழியில பாலாறு செக்போஸ்ட்டத் தாண்ட முடியாதுன்னு கிளம்பிட்டா.”

அப்பா பையைத் தொடவில்லை.

“இன்னொண்ணும் சொன்னா,” என்றாள் கெம்பம்மா. “மீட்டர்ல சக்கரம் சுத்திக்கிட்டே இருக்குதாம். ஃபேன நிறுத்தச் சொல்லுங்க, அண்ணாவுக்குக் கரண்டு பில்லு ஏறும்னா.”

வந்து நின்ற நிமிஷமே அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் உட்கார்ந்தாள், தெரிந்துதான் சாப்பிட்டாள். அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஒன்பது நாளாக அடக்கிய குரல் அது.

அப்பா சட்டைகூடப் போடாமல் பின்கட்டு வழியாக ஓடினார். மூன்று வருஷத்தில் முதல்தடவையாக ஆட்டோ பிடித்தார். பஸ் ஸ்டாண்டு போவதற்குள் மேட்டூர் பஸ் போய்விட்டது. திரும்பி வந்தவர் வாசல் பூட்டைத் திறந்துவிட்டு, அத்தை உட்கார்ந்த அதே படியில் சாயந்திரம்வரை உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு மீட்டர் பார்க்க நோட்டை எடுத்தேன். “வேண்டாம்மா” என்றார்.

மறு வாரம் கடன் அடைந்தது. சொஸைட்டி ரசீதின் நகலோடு அப்பா அத்தைக்கு நாலு பக்கம் எழுதினார். என்ன எழுதினார் என்று எங்களுக்குக் காட்டவில்லை. பதில் ஒரு கார்டில் வந்தது. எல்லோரையும் விசாரித்திருந்தாள், மாமனாரின் மூட்டுவலியைப் பற்றி எழுதியிருந்தாள். கடைசியில் இப்படி: “அண்ணா, நீ ஊரில் இருக்கிற நாளாகப் பார்த்து எழுது. வருகிறேன்.”