செம்மறித் தோலை வெள்ளாட்டுத் தோல் என்றவள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் பொறுமைசாலி இல்லை. என் மனைவி எஸ்தர் முன் வரிசையில்தான் இருக்கிறாள், சந்தேகமிருந்தால் கேளுங்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எனக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக ஆம்பூர் டேனரியில் தோல் தரம் பிரித்த கை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தடவிப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலையே. அந்த விரல்கள் போனபின் நான் எதற்கு? “ஆண்டவரே, ஒரு பெரிய டாக்டரை அனுப்பும்” என்று அழுதேன்.

வந்தது பர்வீன். வாணியம்பாடிக்காரி. பிசியோதெரபிஸ்ட்கூட இல்லை, அவருடைய உதவியாளர். அவர் நோட்டில் எழுதித் தருவதை வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்து செய்ய வைப்பாள். அப்பப்பா, என்ன பாடு படுத்தினாள்! துணிக் கிளிப்பை எடு, வை. எடு, வை. எஸ்தர் சோறு ஊட்ட வந்தால் தட்டைப் பிடுங்கி என் வலப்பக்கம் வைப்பாள்.

“இன்னாம்மா, சும்மா பேஜார் பண்ற?”

“இன்னும் பத்து தடவ, அண்ணா. ஒண்ணுகூட கம்மி பண்ண மாட்டேன்.”

நான் ஜெபத்தையே மாற்றினேன். “ஆண்டவரே, இவளை வேறு வீட்டுக்கு அனுப்பும்.” வெட்கம்தான், ஆனால் உண்மை. அவள் வராத நாட்களில் இடது கையால் செய்துவிட்டு நோட்டில் டிக் போட்டேன். அதையும் கண்டுபிடித்தாள்.

நான்காம் மாதம் ஒரு நாள், பையிலிருந்து தோல் துண்டுகளை மேசையில் கொட்டினாள். செம்மறித் தோல் ஒன்றைத் தூக்கி, “இது வெள்ளாட்டுத் தோல்தானே, அண்ணா?” என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “கண்ணு இன்னா பொடனியிலயா கீது? செம்மறிம்மா அது! குடு இங்க!” வெடுக்கென்று பிடுங்கினேன்.

“ஐயோ, ஏங்க, கை!” என்று எஸ்தர் கத்தினாள்.

வலது கை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல். ஓவென்று அழுதுவிட்டேன்.

இப்போது பாதி நாள் வேலைக்குப் போகிறேன். சுண்டு விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. பர்வீன் கடைசியாக வந்த அன்று கேட்டேன்: “ஏம்மா, வாணியம்பாடியில பொறந்துட்டு செம்மறித் தோல் தெரியாதா உனக்கு?”

“எங்கப்பா செம்மறித் தோல் வியாபாரி, அண்ணா” என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆகவே பிரியமானவர்களே, நம்பிக் கேளுங்கள், உதவி வரும். வந்த உதவி எரிச்சல் மூட்டினாலும் கதவைச் சாத்தாதீர்கள். என் முதல் ஜெபத்தைக் கேட்ட ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இரண்டாவது ஜெபத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளாததற்கு அதைவிடப் பெரிய ஸ்தோத்திரம்.